மாமா மெச்சிய பேஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, இன்னொருவரின் பேஸ் கிட்டார் வாசிப்பைப் பற்றி என்னிடம் கால் மணி நேரம் பேசினார். நான் பொறாமைக்காரன் என்று எனக்கே தெரியவந்தது அன்றைக்குத்தான். அதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், எனக்கு யார்மேலும் எரிச்சல் கிடையாது என்று சத்தியம் செய்திருப்பேன்.

மாமாவும் நானும் கடலூரில் ஒரே ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கிறோம். அவர் ட்ரம்ஸ், நான் பேஸ். பகலில் அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் சூப்பர்வைசர். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். கல்யாண வரவேற்பு, திருவிழா, காலேஜ் விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். மேடையில் எனக்கு வேலை மாமாவோடுதான். அவருடைய கால் மிதிக்கும் பெரிய ட்ரம்மின் அடியும் என் தந்தியின் சத்தமும் ஒன்றாக விழ வேண்டும். விழாவிட்டால், பாடுகிறவர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் பாட்டு தள்ளாடும். ஒன்பது வருடமாக ஒன்றாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. அவருடைய வலது காலை அக்காவைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று கேலியாகச் சொல்வேன்.

அந்த வாரம் சிதம்பரத்தில் வேறொரு குழுவுக்கு ட்ரம்மர் வரவில்லை என்று மாமாவைக் கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு வந்தவர், சங்கரா மீன் குழம்பைப் பிசைந்தபடி ஆரம்பித்தார்.

"அங்க ஒரு பொண்ணு பேஸ் வாசிக்குதுடா. ஆஸ்பத்திரில நர்ஸு. என்னா வாசிப்புன்ற! நான் சும்மா உக்காந்திருந்தேன், அதுவே என்னைத் தூக்கிக்கினு போவுது."

"அப்படி என்னா வாசிச்சுது?"

"அதான் சொல்றேன். ஜாஸ்தி ஒண்ணுமே வாசிக்கல. எடம் வுடுது. அந்த எடத்துல நான் மூச்சு வாங்கிக்கலாம்."

ஒன்பது வருடமாக நான் அவரை மூச்சு வாங்க விடவில்லை என்றுதான் என் காதில் விழுந்தது. "அப்ப நான் வாசிக்கிறது?" என்றேன்.

"நீ வேகம்டா. உன் வேகம் யாருக்கு வரும்?" என்றவர், திரும்பி அக்காவிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

தன் புருஷன் வேறு ஊர்ப் பெண்ணை இப்படிப் புகழ்வதைக் கேட்டு அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எந்த ஆஸ்பத்திரி, கல்யாணம் ஆகிவிட்டதா, டூட்டியோடு இதற்கெல்லாம் எப்படி நேரம் கிடைக்கிறது என்று ஆர்வமாக விசாரித்தாள். அவளுக்கு வராத பொறாமையும் சேர்த்து எனக்கு வந்தது. மீனில் முள் எடுக்க மறந்து தொண்டையில் சிக்கி, வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன்.

என் வேகத்துக்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு யாரும் பேஸ் சொல்லித் தரவில்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு சினிமாப் பாட்டுகளில் எல்லாச் சத்தத்துக்கும் அடியில் ஓடும் அந்தத் தடித்த சத்தத்தை மட்டும் பிரித்துக் கேட்டுக் கற்றுக்கொண்டேன். வாசித்தவர்கள் யாரென்று பெரும்பாலும் தெரியாது. முகம் தெரியாதவர்களிடமிருந்து எடுத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமும் இல்லை, எரிச்சலும் இல்லை.

என் விரலை உண்மையில் உருவாக்கியது எங்கள் குழுவின் லீட் கிட்டார்காரன். என்னோடு படித்தவன். பாட்டு நடுவில் அவன் ஒரு சுற்று தனியாக வாசிப்பான். கூட்டம் விசில் அடிக்கும். அவன் வாசிக்கிற நேரத்தில் நான் அடியில் அவனைவிட வேகமாக ஓடிக் காட்டுவேன். கூட்டத்துக்கு அது கேட்காது. அவனுக்குக் கேட்கட்டும் என்றுதான் வாசித்தேன். "டைப் அடிக்கிற மாதிரி ஓடுதுப்பா உன் விரலு" என்று அவன் ஒரு தடவை சொன்னதை வைத்து ஒரு மாதம் மிதந்தேன். இப்போது யோசித்தால் அதுவும் பொறாமைதான். அன்றைக்கு அதற்கு உழைப்பு என்று பெயர் வைத்திருந்தேன்.

அந்தப் பெண் வாசித்ததை மாமா போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். கை கழுவிவிட்டு வந்து போட்டுக் காட்டினார். "ஒண்ணும் இல்லியே மாமா, நாலு சத்தம்தான வருது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் தூங்கப் போனதும், அக்காவிடம் சொல்லி அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்ப வைத்தேன். "உனக்குத்தான் புடிக்கலன்னியே?" என்றாள். "சும்மா கேக்கத்தான்" என்றேன்.

அந்த வாரம் ஷேர் ஆட்டோவில், ஆபீசில் வாய்தா மனு அடிக்கும்போது, வீட்டில் குளிக்கும்போதுகூட அதைக் கேட்டேன். அவள் குறைவாகத்தான் வாசித்தாள். ஆனால் ஒவ்வொரு சத்தமும் ஒரு இடத்தில் தொடங்கி, வழுக்கி, இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்தது. அதை என் பேஸில் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. இதை எங்கேயோ பெரிய இடத்தில் கற்றிருக்கிறாள் என்று தீர்மானித்தேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் தாங்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு, கோயிலுக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சர்ச்சில் வாசிக்கிறாள் என்று மாமா சொல்லியிருந்தார். தேடிக் கண்டுபிடித்து, ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். எல்லோரும் எழும்போது எழுந்தேன், உட்காரும்போது உட்கார்ந்தேன். அவள் முன்னால் கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். வாசிக்கும்போது முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். மொத்தச் சர்ச்சும் அவள் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்தது.

ஆராதனை முடிந்ததும் நழுவப் பார்த்தேன். செருப்பு மாட்டும்போது அவளே வந்துவிட்டாள்.

"அண்ணா, நீங்க கடலூர் பேஸ் அண்ணன் தான? ட்ரம்ஸ் அண்ணன் உங்க வீடியோ காமிச்சாரு. சும்மா பறக்குது உங்க விரலு."

செருப்பு வாரை இழுத்தபடி, "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றேன். அவள் அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தன் கிட்டாரைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"எங்கயும் இல்லண்ணா. இங்க சர்ச்ல ஒரு பழைய பேஸ் கெடந்துச்சு. மெலிசான தந்தி ரெண்டும் அறுந்துபோச்சு. இங்க எங்கயும் கெடைக்கல. மிச்சம் இருந்த தடி தந்தி ரெண்டுலயே ஒரு வருஷம் ஓட்டுனேன்."

"அந்த வழுக்கல்?"

அவள் சிரித்தாள். "அதுவா? எங்க மாடி போர்ஷன்ல மிருதங்கம் படிக்கிறவரு ஒருத்தரு குடி இருந்தாரு. டூட்டி முடிச்சு வந்து நான் படுக்கவும் அவரு ஆரம்பிக்கவும் சரியா இருக்கும். திட்டிக்கினே கேப்பேன். அவரு எடது கை இருக்குது பாருங்க, அடிச்சுட்டு அப்படியே தோலை அழுத்தித் தேய்ப்பாரு. சத்தம் ஏறி எறங்கும். அதைத்தான் தந்தில பண்ணிப் பாத்தேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. காலி பண்ணிக்கினு போயே மூணு வருஷம் ஆவுது. அவருகிட்ட நான் பேசுனதே ரெண்டு தடவ. ரெண்டும் தண்ணி மோட்டாரு விஷயமா."

விரலை எங்கே வைக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று எல்லாவற்றையும் காட்டினாள். ஒன்றைக்கூட ஒளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் ஒளித்திருந்தால் எங்கள் இருவருக்கும் கணக்குச் சரியாகியிருக்கும். கடைசியில், என் வீடியோவில் வந்த வேகமான ஒரு ஓட்டத்தைச் சொல்லி, "அது மட்டும் எப்படின்னு காமிங்கண்ணா" என்றாள்.

"அது கொஞ்சம் கஷ்டம்மா. பழகப் பழகத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று இருக்கிறது. அது அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் என் பேஸிலிருந்து மெல்லிய தந்தி இரண்டையும் கழற்றினேன். "ரிப்பேரா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். தினமும் ஆபீஸ் போவதற்கு முன் ஒரு மணி நேரம், தடித் தந்தி இரண்டில் மட்டும் வாசித்தேன். நிகழ்ச்சி நாளில் மட்டும் மெல்லிய தந்திகளை மறுபடி மாட்டிக்கொள்வேன். திருப்பாதிரிப்புலியூரில் எங்கே கச்சேரி நடந்தாலும் மிருதங்கக்காரரின் இடது கைப் பக்கமாக இடம் பிடித்து உட்கார்ந்தேன். வழுக்கல் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவளுடையது அடியில் போய் உட்காரும். என்னுடையது போய் உட்காராமல் கடைசியில் கொஞ்சம் மேலே எழும்பியது. டைப் அடித்துப் பழகிய விரல் தொட்டவுடன் எழுந்துவிடுகிறது. எவ்வளவு முயன்றும் அந்தத் தப்பு போகவில்லை.

ஆறேழு மாதம் கழித்துப் பண்ருட்டிப் பக்கம் ஒரு வரவேற்பில் தைரியமாக அதை வாசித்தேன். இரண்டாவது பாட்டில் மாமா ட்ரம்ஸுக்கு மேலே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். சிரித்தார். ஒன்பது வருடத்தில் வாசிக்கும்போது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. நிகழ்ச்சி முடிந்து இறங்கியதும் தோளில் கை போட்டார்.

"அசத்திட்டடா. அப்படியே அந்தப் பொண்ணு மாதிரியே இருந்துது."

அவர் தன்னிடம் இருந்த பெரிய பாராட்டைத்தான் கொடுத்தார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்தச் சூட்டில்தான் அதைச் சொன்னேன். வேறு குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் விருந்துக்கு வந்திருந்தார். பக்கத்தில் வந்து, "சார், அந்தத் தந்திய இழுக்குறீங்களே, அது யாருகிட்ட கத்துக்கினது?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் இல்ல. தானா வந்துது" என்றேன்.

எனக்குப் பின்னால் மாமா ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றுவது ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. திரும்பி வரும்போது வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தார். எப்போதும் என்னோடு பின்னால் உட்காருகிறவர். அடுத்த இரண்டு ஞாயிறும் நான் சாப்பிடப் போன நேரத்தில் அவர் வீட்டில் இல்லை. "உங்களுக்குள்ள என்னாடா?" என்று அக்கா கேட்டாள். "ஒண்ணும் இல்லியே" என்றேன்.

மூன்றாவது வாரம் மாமாவே போன் செய்தார். சிதம்பரத்தில் ஒரு காலேஜ் விழா, மத்தியானம் இரண்டு மணிக்கு. அந்தக் குழுவில் ட்ரம்ஸ் மறுபடி அவர்தான். அந்தப் பெண்ணுக்குக் காலை டூட்டி, மாற்ற முடியவில்லை. "நீ வரியா?" என்று கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை. போனேன்.

அவளுடைய இடத்தில் நின்று வாசிப்பது எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். ஒத்திகை பார்க்கும்போதே அந்தக் குழுவின் கீபோர்டுகாரர், அவளைச் சொல்லி, "இங்க அக்கா நிறுத்திடுவாங்க சார்" என்றார். அடுத்த பாட்டில், "இந்த எடத்துல அக்கா உள்ளயே வரமாட்டாங்க." நான் அக்கா நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, அக்கா வராத இடத்தில் வராமல் இருந்தேன். கடைசி மூன்று பாட்டு இருக்கும்போது அவளே வந்துவிட்டாள். யூனிஃபார்மோடு, தோளில் பையோடு, மேடைக்கு எதிரே மாணவர்களுக்கு நடுவில் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருடிய சட்டையைப் போட்டுக்கொண்டு சட்டைக்காரர் எதிரில் நிற்கிற மாதிரி கூசியது. ஆனாலும் வாசித்தேன். வேறு வாசிப்பு எதுவும் அப்போது என் கையில் இல்லை.

முடிந்ததும் மேடைப் படியில் ஏறி வந்தாள்.

"அண்ணா, இழுத்துட்டு கடைசில மேல ஒரு தூக்கு தூக்குறீங்களே, சூப்பரா இருக்குது. எனக்கு அந்த மாதிரி வரமாட்டேங்குது. எப்படிண்ணா?"

மாமா சிம்பல் தட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. கேட்கிறார் என்று தெரிந்தது.

"அது உன்னோடதும்மா" என்றேன். "அன்னிக்கு நீ காமிச்சத எடுத்துக்கினேன். சரியா எடுக்கத் தெரியல. அதான் தூக்குது. தப்பு அது."

"என்னோடதா?" அவள் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள். பிறகு சிரித்தாள். "நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணா."

அது இன்னும் வலித்தது. சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று ஒரு நிமிடம் நினைத்ததை மறைக்க விரும்பவில்லை. அவள் அடையாளமே காணாத ஒன்றுக்காக நான் ஏழு மாதம் தூக்கம் கெட்டிருக்கிறேன். மேடை ஓரத்திலேயே உட்கார்ந்து, சர்ச்சில் நான் காட்ட மறுத்த அந்த ஓட்டத்தை அவளுக்குக் காட்டினேன். எனக்கு இரண்டு வருடம் பிடித்ததை, டீ வருவதற்குள் பாதி பிடித்துவிட்டாள். காட்டியதற்காக உடனே வருத்தப்பட்டேன்.

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் காலேஜில் கொடுத்த வடை எண்ணெய் வடை என்று ஆலப்பாக்கம் வரை திட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தார்.

இப்போது சுற்று வட்டாரத்தில் இரண்டு பேரையும் கூப்பிடுகிறார்கள். அவளைக் கொஞ்சம் அதிகமாக. என்னிடம் அந்த இழுப்பைப் பற்றி யார் கேட்டாலும், சிதம்பரத்தில் ஒரு நர்ஸிடமிருந்து எடுத்தது என்று சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது இனிப்பதில்லை, மாத்திரை விழுங்குகிற மாதிரிதான் இருக்கிறது. போன மாதம் வடலூரில் ஒரு நிகழ்ச்சிக்கு முதலில் அவளைக் கேட்டு, டூட்டி என்றதும் எனக்கு வந்தார்கள். போனேன். நன்றாகவே வாசித்தேன். வாசிக்கும்போது அவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டாவது பாட்டிலேயே நினைத்துவிட்டேன்.