ஆதி தாளமும் என் அவசரக் கையும்

ரவையில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஒரு பச்சை வாசனை வருமே... பெருங்களத்தூர் வீட்டில் மாலை நாலரை மணி என்றால் எனக்கு அந்த வாசனைதான். உப்புமாவுக்கு இல்லை. மிருதங்கத்தின் இடது பக்கத்துக்கு. அந்த உருண்டையை நடுவில் அப்பினால்தான் அடி கனமாக விழும்.

என் மகள் ஆர்த்திக்கு அப்போது ஒன்பது வயது. கூடப் படிக்கிற பெண்கள் பாட்டு, கீபோர்டு என்று போக, இவள் மிருதங்கம்தான் வேண்டும் என்று நின்றாள். ஏன் என்று கேட்டேன். "சத்தமா இருக்குப்பா" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கு விஷயம் தெரியாது. எனக்கும் சங்கீதத்துக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

கிளாஸ் எடுக்கிற சார் முதல் நாளே சொல்லிவிட்டார். "வீட்ல ப்ராக்டிஸ் பண்ணும்போது யாராவது பக்கத்துல உக்காந்து தாளம் போடுங்க சார். அது போதும்."

நான் அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்டு. நான் கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். மாலையில் கம்பெனி பஸ் படப்பை டிராபிக்கில் எல்லாம் ஊர்ந்து வந்து ஜிஎஸ்டி ரோட்டில் இறக்கிவிடும். ஒரு நாளில் அவளோடு சேர்ந்து உட்கார எனக்குக் கிடைப்பதே அந்த ப்ராக்டிஸ் அரை மணி நேரம்தான். அதனால் தாளம் போடும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு தட்டு, மூன்று விரல். பிறகு தட்டு, திருப்பு, தட்டு, திருப்பு. மொத்தம் எட்டு. இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். யூனிபார்மைக் கூட மாற்றாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து தொடையில் தட்டுவேன். அவள் என் கையையே பார்த்துக்கொண்டு வாசிப்பாள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், கொழந்தைக்கு கை நல்லா பேசுது. ஆனா காலப்பிரமாணம் நிக்கல... ஓடுறா. நவராத்திரிக்கு கோயில்ல பசங்கள வாசிக்க வெக்கிறோம். இந்த தடவ இவ வேணாம்னு பாக்குறேன்."

ஓடுகிறாள் என்றால் வேகம் தானாகக் கூடிக்கொண்டே போகிறது என்று அர்த்தமாம். விஷயத்தைச் சொன்னதும் ஆர்த்தி வண்டியில் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். புதுப் பட்டுப்பாவாடை வரைக்கும் முடிவு செய்து வைத்திருந்தவள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தினமும் தவறாமல் உட்காருகிறோம், பிறகு எப்படி ஓடும்? சரி, ப்ராக்டிஸ் போதவில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லி, அரை மணியை ஒரு மணி ஆக்கினேன். நானும் இன்னும் ஓங்கித் தட்டினேன். அடுத்த வாரம் சார், "முன்னவிட ஜாஸ்தியா ஓடுறாளே" என்றார். போச்சுடா என்று ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து கம்பெனியில் என்னைப் புனேவுக்கு இரண்டு வாரம் டிரெயினிங் அனுப்பினார்கள். தாளம் போட ஆள் இல்லையே என்று அங்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வந்து கிளாஸுக்குக் கூட்டிப் போனால் சார் ஒரே சிரிப்பு. "என்ன சார் பண்ணீங்க? அப்டியே நிக்கிது காலம். நவராத்திரிக்கு பேரு சேத்துட்டேன்."

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். "நான் ஊர்ல இல்லாதப்போ யாரும்மா தாளம் போட்டா? அம்மாவா?"

"யாரும் இல்லப்பா. நானே மனசுக்குள்ள எண்ணிக்கிட்டேன்."

"அப்போ நான் போட்டது?"

அவள் கொஞ்ச நேரம் காய்ந்த ரவையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நீ திருப்புறப்போ அவசரப்படுவப்பா. நானும் உன் பின்னாடியே வந்துடுவேன்."

"தப்பா போடுறேன்னு சொல்லியிருக்கலாமேடி?"

"சொன்னா நீ வந்து உக்கார மாட்டியே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக அந்தக் குழந்தை திட்டு வாங்கிக்கொண்டிருந்தது என் கைக்காக.

நவராத்திரியில் வாசித்தாள். ஓடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். அடுத்த நாளிலிருந்து அவள் ப்ராக்டிஸுக்கு உட்காரும்போது நான் ஏதாவது வேலை வைத்துக்கொண்டு மாடிக்கோ மார்க்கெட்டுக்கோ போய்விடுவேன். இடைஞ்சலாக இருக்கக் கூடாது, அதுதான் நான் செய்யக்கூடிய உதவி என்று நினைத்தேன். எட்டாவதோடு அவள் மிருதங்கத்தை விட்டுவிட்டாள். படிப்பு என்றாள். நானும் நம்பினேன்.

இப்போது காலேஜ் கடைசி வருஷம். ஹாஸ்டல் தோழி ஒருத்தி பாடுகிறாளாம், அவளோடு சேர்ந்து மறுபடி வாசிக்கத் தொடங்கியிருக்கிறாள். போன மாதம் லீவுக்கு வந்தபோது சும்மாதான் கேட்டேன், அப்போது ஏன் விட்டாய் என்று.

"நீ அப்பறம் வந்து உக்காரவே இல்லையேப்பா. நான் சொன்னது உனக்கு கஷ்டமா போச்சுன்னு நெனச்சேன். அதான்."

"ஐயோ, உனக்கு தொந்தரவா இருக்க கூடாதுன்னுதாம்மா நான்..."

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு ரெண்டு பேர் கதையும்" என்றாள். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இந்தக் காலத்தில் தாளம் போட ஆள் வேண்டாம். போனில் ஒரு ஆப் இருக்கிறது, எட்டையும் பிசகாமல் எண்ணுகிறது, அதற்கு என்னைப் போல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவர வேண்டிய அவசரம் இல்லை. அன்று மாலையும் அதை ஓடவிட்டுத்தான் வாசித்தாள். நான் ஹால் வாசலில் நின்றேன். உள்ளே போவதா, வழக்கம் போல மாடிக்குப் போவதா என்று தெரியவில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். வாசிப்பை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டாள்.

போய் உட்கார்ந்தேன். கையை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை...