பொதுவில் கிடந்த நூறு எம்.பி.

என் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள் என்று உறுதியான வாரத்தில், மாலையில் ஓதும் பாசுரங்களை நாற்பது நிமிடங்கள் என் கணினியில் பதிவு செய்தேன். இனி எழுதிக் காட்டித்தான் பேச வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எனக்காகவே அதைப் பதிந்துகொண்டேன். ஓராண்டுக்குள் என் மனைவிக்கு மறதி நோய் முற்றியது. முதலில் என் முகத்தை மறந்தாள். பிறகு உண்பதையும் மறந்தாள். சோற்றை வாயருகே கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொள்வாள். ஒருநாள் தற்செயலாக அந்தப் பதிவு ஒலித்தபோது வாயைத் திறந்தாள். அன்றுமுதல் திருவிடந்தையில் எங்கள் வீட்டில் வேளைதோறும் கணினி ஓதும், அவள் உண்பாள், நான் பேச்சின்றி அருகில் அமர்ந்திருப்பேன்.

அந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. விண்டோஸில் ஓய்வூதியம், மின்கட்டணம், வருவோர் போவோர் பார்க்கும் காணொளிகள். லினக்ஸில் பாசுரங்கள், என் உரைக்குறிப்புகள், அந்தப் பதிவு, வேறொன்றும் கிடையாது. வெளிநாட்டிலுள்ள என் தம்பி மகன் நான் கேட்டபடி அப்படிப் பிரித்துக் கொடுத்திருந்தான். பெட்டியை இயக்கியதும் எந்தப் பக்கம் செல்வது என்று திரை கேட்கும். நீராடிவிட்டு வந்துதான் லினக்ஸைத் தேர்ந்தெடுப்பேன். அந்தக் கோப்புகளுக்குப் பூட்டும் போடச் சொல்லியிருந்தேன். லினக்ஸ் எழுந்து, நான் கடவுச்சொல்லை இட்டாலன்றி அவை திறக்கமாட்டா. பதிவைக் கைப்பேசியிலும் ஏற்றிவைக்கும்படி பக்கத்து வீட்டுப் பெண் பலமுறை சொன்னாள். கைப்பேசி கழிவறை வரைக்கும் போகிற பொருள். அதில் பெருமாள் பேச்சை வைக்க மனம் ஒப்பவில்லை.

ஏகாதசிக்கு முதல்நாள் பூசையறையைத் துலக்கிய கையோடு கணினியையும் துலக்க எண்ணினேன். வட்டின் பிரிவுகளைத் திறந்து பார்த்தபோது, இரு பக்கத்திலும் சேராமல் நூறு எம்.பி. அளவில் ஒரு சிறு துண்டு தனியே கிடந்தது. உள்ளே பார்த்தால் விண்டோஸின் பெயரில் ஒரு கோப்புறை, லினக்ஸின் பெயரில் ஒன்று. ஓர் இலையில் இருவர் உண்டதைப் பார்த்ததுபோல் எனக்கு உடல் கூசியது. அழிப்பது நிச்சயமா என்று கணினி கேட்டது. எச்சில் இலையை எடுப்பவனைப்போல் எடுத்து எறிந்தேன்.

மறுநாள் காலை பெட்டியை இயக்கினேன். தொடங்குவதற்கு உரிய சாதனம் ஏதும் இல்லை என்று கருந்திரையில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி வந்தது. எத்தனை முறை இயக்கினாலும் அதே வரி.

அன்று என் மனைவி ஒன்றும் உண்ணவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் தன் கைப்பேசியில் வேறு யார் யாரோ ஓதிய பாசுரங்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தாள். நல்ல குரல்கள்; என்னுடையதைவிட நல்ல குரல்கள். அவள் ஊட்டியதை என் மனைவி துப்பினாள். நான் வாயை மட்டும் அசைத்து ஓதிக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மனைவியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் பெட்டியைச் செங்கல்பட்டுக்குத் தூக்கிச் சென்றேன். அங்கே ஒரு கடைக்காரர், என் குறிப்பேட்டை ஏறிட்டும் பாராமல், "ஃபார்மட் போட்டாத்தான் சார் எழுந்துக்கும். உள்ள கீறதெல்லாம் போய்டும்," என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கப் போனார். நான் மின்கம்பியைப் பிடுங்கினேன்.

"இன்னா சார் நீ, வேணாம்னா வாயத் தொறந்து சொல்ல மாட்டியா?"

பெட்டியை அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். சரணாகதிக்கு நாற்பது ஆண்டுகள் பொருள் சொன்னவன் நான். தன் முயற்சி என்று ஒன்றும் எஞ்சாத நிலை என்று ஓதும் கோஷ்டியின் நடுவே அமர்ந்து விரித்துரைத்திருக்கிறேன். அப்போது எனக்குக் குரல் இருந்தது. வீட்டில் ஒருத்தி சமைத்துவைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் எஞ்சாமை எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரிந்திருந்தது?

மாலையில் வீட்டுக்கு வந்த மருத்துவர் அவளுடைய நாக்கைப் பார்த்தார். நனைத்த துணியால் உதட்டில் தடவிய நீர் தவிர அவளுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. "நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் பாப்போம். அப்புறம் மருத்துவமனைக்குத்தான். மூக்கு வழியா குழாய் போடணும்," என்றார். அவள் எதையும் பிடுங்கி எறிபவள். கையைக் கட்டிலோடு கட்டிவைப்பார்கள்.

மூன்றாம் நாள், யாரோ சொல்லக் கேட்டுப் புதுப்பட்டினத்துக்குப் பேருந்து ஏறினேன். மீன் சந்தைக்குப் பின்னால் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றை ஒரு பெண் நடத்திவந்தாள். நாற்பது வயதிருக்கும், மீனவக் குடும்பம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சாமி, கொய்ந்தயத் தூக்கினு வர்ற மாரி வர்றீங்க?"

குறிப்பேட்டை நீட்டினேன். முழுவதையும் படித்தாள். மீன் குழம்புச் சோற்றை மூடிவைத்துக் கை கழுவினாள்.

ஒரு பென் டிரைவைச் செருகி, அதைக்கொண்டு கணினியை இயக்கி உள்ளே பார்த்தாள். "வூடு ரெண்டும் அப்டியே கீது சாமி. வாசப்படியத்தான் பேத்துட்டீங்க. ரெண்டு வூட்டுக்கும் ஒரே படி. பக்கத்து வூட்டுக்காரன் கால் பட்டுச்சின்னு பேத்தீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

பதிவை மட்டுமாவது முதலில் எடுத்துவிடலாம் என்று கோப்புறையைத் தட்டினாள். திறக்கவில்லை. "பூட்டு யாரு போட்டது?" என்றாள். என்னை நானே சுட்டிக் காட்டினேன். "நல்லா போட்டீங்க. அப்போ உங்க லினக்ஸே எழுந்தாத்தான் உண்டு."

நான் அழித்த இடத்திலேயே புதிதாக ஒரு சிறு பிரிவை உண்டாக்கி, கணினியை எழுப்பும் நிரலை மறுபடியும் அதில் நிறுவினாள். மீண்டும் இயக்கியபோது எந்தப் பக்கம் என்று திரை கேட்டது. மூன்று நாட்களாகக் காணாத கேள்வி. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தாள். எழுத்துகள் ஓடின; நின்றன. ஒன்றரை நிமிடம் காத்திருந்து, மீண்டும் கருந்திரை.

அந்நேரம் என் கைப்பேசி ஒலித்தது. பக்கத்து வீட்டுப் பெண். எடுத்தாலும் என்னால் பேச முடியாது. கடைக்காரப் பெண்ணே வாங்கிக் காதில் வைத்தாள். "நான் கடையிலேர்ந்து பேசறேன்... சொல்லுக்கா." கேட்டுவிட்டு என்னைப் பாராமல் சொன்னாள்: "எழுப்புனா கண்ணு தொறக்கலியாம். உடம்பு சில்லுனு கீதாம். ஆம்புலன்ஸ் சொல்லட்டுமான்னு கேக்கறாங்க."

சொல் என்று எழுதினேன். பெருமாளே என்று நினைத்தேன். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. ஆயிரக்கணக்கான அடிகள் நெஞ்சில் உண்டு. ஒன்றுகூட முன்வரவில்லை.

அவள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு, திரையிலிருந்து கண்ணெடுக்காமல் தட்டச்சு செய்தபடி பேசினாள். "அழிச்ச படிக்கு ஒரு நம்பரு இருந்துச்சு. அதையே தேடினு நிக்கிது. இது புதுசுன்னு அதுக்குத் தெரியல. நம்பர மாத்தி எழுதறேன், இருங்க."

மாற்றி எழுதி, மறுபடி இயக்கினாள். கடவுச்சொல் கேட்கும் கட்டம் வந்தது. இருமுறை தவறாக இட்டேன். மூன்றாம் முறை திறந்தது. பதிவை ஒலிக்கவிட்டேன். சந்தை இரைச்சலுக்கு நடுவே என் பழைய குரல் எழுந்தது. கடைக்காரப் பெண் என் கைப்பேசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணை மறுபடி அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, கணினியின் ஒலிபெருக்கியருகே பிடித்து உரக்கச் சொன்னாள்: "அக்கா, ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் ஃபோன அம்மா காதாண்ட வையி. கஞ்சி எதுனா கீதா? எடுத்துக்க."

ஒரு பாசுரம் முடிந்து அடுத்தது தொடங்கியது. பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது. "கண்ணு தொறந்துட்டாங்க." நெடுநேரம் கழித்து, "ஒரு வாய் போச்சு."

முழுங்கினாளா என்று எழுதிக் காட்டினேன்.

"முழுங்குனாங்களான்னு சாமி கேக்கறாரு."

"முழுங்கிட்டாங்க. ரெண்டாவது வாய் குடுக்கறேன்."

பதிவின் நடுவில் ஓரிடத்தில் எனக்கு இருமல் வந்திருந்தது. அன்றைக்கே குரல்வளை கெட்டுப்போயிருந்ததல்லவா. அந்த இருமல் கடை முழுக்க ஒலித்தது. உடனே கைப்பேசியில் என் மனைவியின் குரல் கேட்டது. பல மாதங்களாக அவள் ஒரு வாக்கியம் பேசிக் கேட்டதில்லை.

"அவருக்குக் கொஞ்சம் தீர்த்தம் குடுங்கோ."

"தண்ணி குடுக்கச் சொல்றாங்க," என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். "யாருக்குன்னு தெரியல."

கடைக்காரப் பெண் தன் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகி என்னிடம் நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.