கத்தரிக்காயும் காணாமல் போன ரப்பரும்

ஸ்கேல் ஒன்று கையில் இருந்தால் சங்கரன்கோவிலிலேயே என்னை மிஞ்சிய ஓவியன் கிடையாது என்று ஏழாம் வகுப்பில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீடு, கொடிக்கம்பம், தீப்பெட்டி எல்லாம் அச்சு மாதிரி விழும். வளைந்த ஒன்றை வரையச் சொன்னால்தான் திண்டாட்டம்.

டிராயிங் சார் ஒருநாள் மேஜையில் கத்தரிக்காயை வைத்தார். நான் காம்பஸை எடுத்து வட்டம் போட்டு, மேலே ஸ்கேலால் காம்பு நட்டேன்.

"ஏலே, இது கத்தரிக்காயா, பம்புசெட்டா?"

வகுப்பே சிரித்தது. வெள்ளிக்கிழமை மறுபடி வரைய வேண்டும். தேறினால் ஆண்டுவிழாவில் படத்தைச் சுவரில் ஒட்டுவார்கள். தேறாவிட்டால் கபடி மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். "கோடுதான் ஒனக்கு நல்லா வருதே" என்றார் சார். அப்பா வேறு விழாவுக்கு வருவதாக இருந்தார்.

வீட்டில் அம்மா குழம்புக்கு வைத்திருந்த காயைத் தாளில் படுக்கவைத்துச் சுற்றிக் கோடிழுத்தேன். உருண்டுவிட்டது. பார்த்து வரைந்தேன், பிடிக்காமல் அழித்தேன். அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை மட்டும் அசல் கத்தரிக்காய் மாதிரியே இருந்தது.

என் தங்கச்சி நாலாம் வகுப்பு. முற்றத்தில் மேய்கிற கோழியை விட்டுக் கண்ணெடுக்காமல், ஈர்க்குச்சியால் மண்ணில் ஒரே இழுப்பில் கோழி போடுவாள். அது இரை பொறுக்கும். அசந்தால் கொக்கரிக்கும் என்று தோன்றும். எனக்குப் பொறாமைப்படக்கூட மறந்துபோகும், பார்த்துக்கொண்டே நிற்பேன்.

"எப்படிட்டி போடுத?"

"பேப்பரையே பாக்காதண்ணே, காயைப் பாரு. அது வளையுத எடத்துல நீயும் வளை."

"தப்பாப் போச்சுன்னா?"

"அது வேற காய். செடியில எல்லாக் காயும் ஒண்ணு போலவா காய்க்கி?"

சின்னப்பிள்ளைக்கு என்ன தெரியும் என்று ரப்பரைப் பத்திரமாகக் காம்பஸ் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

வெள்ளிக்கிழமை மேஜையில் இருந்தது கோணலான ஒரு காய். பெட்டியைத் திறந்தால் ரப்பரைக் காணோம். பக்கத்துப் பயலிடம் கேட்டேன்.

"போலே, நீ தேச்சா எனக்குப் பொடிதான் மிஞ்சும்."

வேறு வழியில்லை. காயையே முறைத்துக்கொண்டு பென்சிலை ஓட்டினேன். அது வளைந்தது, நானும் வளைந்தேன். ஒரு பக்கம் புடைத்துவிட்டது. அழிக்க ஏதுமில்லாததால் அந்தக் காயின் தலையெழுத்து என்று விட்டுவிட்டேன். சார் வந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஏலே, உள்ள புழு இருக்கும்போலத் தெரியுதே!"

அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை. படம் சுவருக்குப் போயிற்று. அப்பா, "இந்தச் சொத்தைக் காயை எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு, போகிறபோதும் வருகிறபோதும் அதன் முன்னால் நின்றார். ரப்பர் இருந்திருந்தால் இன்னும் பிரமாதமாக வந்திருக்கும் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தங்கச்சியும், "ஆமண்ணே" என்றாள்.

பிறகொரு நாள், கோழியை அடைக்கும் பஞ்சாரத்தை நிமிர்த்தியபோது அடியில் என் ரப்பர் கிடந்தது. கோழியை வைது தீர்த்தேன். தங்கச்சி என்னைவிடப் பலமாக வைதாள்: "திருட்டுக் கோழி!"

மூடியிருந்த பெட்டியை அந்தக் கோழி எப்படித் திறந்தது என்பதுதான் வெகுகாலம் எனக்கு விளங்கவேயில்லை.