இரண்டு பக்கத் தாள்

அந்தப் பகுதியின் மொட்டை மாடிகள் எல்லாம் ஏசி மெக்கானிக்குக்கு அத்துப்படி. இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் மண்டை காய்கிறார். வருடா வருடம் வெயில் ஏறுவதை எந்த நிபுணரும் அவருக்கு விளக்க வேண்டியதில்லை, கையைச் சுடும் ஸ்பானரே போதும். கூட வேலை பார்த்த மச்சினன், மனைவியின் தம்பி, ஒரு மத்தியானம் மாடியிலேயே மயங்கி விழுந்தான். பிழைத்துக்கொண்டான், ஆனால் அதன்பின் மாடி ஏறவில்லை. அந்த மாதமே மெக்கானிக் பருவநிலைக்காகப் பாடுபடும் ஒரு குட்டிக் கட்சியில் சேர்ந்தார். மொத்தக் கட்சியும் ஒரே வேனில் அடங்கிவிடும்.

"ஊரு குளுந்துட்டா ஏசி ரிப்பேருக்கு யாரு கூப்பிடுவா? உங்க சோத்துல நீங்களே மண்ணள்ளிப் போட்டுக்கிறீங்க" என்பாள் தையல் கடை வைத்திருக்கும் மனைவி.

இந்த முறை நகரசபைத் தேர்தலுக்கு அவர்தான் வேட்பாளர். மனுவோடு அந்தப் பகுதி வாக்காளர்கள் நூறு பேரின் கையெழுத்து வேண்டும். கடைசி நாள், காலை பதினொரு மணி. தேர்தல் அலுவலக எழுத்தர் தாள்களைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பின்பக்கம் செல்லாதுங்க. ஒரு பக்கம்தான் இருக்கணும்."

காகிதம் மிச்சம் பிடிக்கிறோம் என்று இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார்கள். வேறு எந்தக் கட்சிக்கு இந்தப் புத்தி வரும்? ஐம்பது கையெழுத்து அம்போ. மூன்று மணிக்குள் திரும்ப வாங்காவிட்டால் போட்டியே கிடையாது. எழுத்தர் பத்துக் கையெழுத்துக்கு ஒன்றாகப் புதிதாக ஐந்து படிவங்கள் கொடுத்தார்.

சைக்கிளில் ஆகிற காரியமில்லை. மனைவிக்குப் போன் செய்தார். விக்கல் வரும்வரை சிரித்தாள், பிறகு கடையைச் சாத்திவிட்டு ஸ்கூட்டரோடு வந்து நின்றாள்.

"பெட்ரோல் வண்டி. ஏறினா கட்சியிலேர்ந்து தூக்கிடுவாங்களா?"

"தூக்கட்டும். முதல்ல ஓட்டு."

அவருக்கு ஆட்களின் பெயர் நினைவில் நிற்காது, மெஷின்தான் நிற்கும். "நாலாவது மாடி, தண்ணி ஒழுகுற மெஷின்" என்று பின்னாலிருந்து கத்துவார், அவள் சந்துக்குள் வளைப்பாள். ஒருத்தி தலையில் ஷாம்பு நுரையோடு வந்து கையெழுத்துப் போட்டாள். ஒரு பெரியவர், "முதல்ல இந்தச் சத்தம் என்னன்னு பாருங்க" என்று அடம்பிடித்தார். மெக்கானிக் மெஷினை ஒரு தட்டு தட்டினார், சத்தம் கப்சிப். படிகளை இரண்டிரண்டாகத் தாவினார். மூச்சு வாங்கியது, ஆனால் இத்தனை சந்தோஷமாக அவர் வாழ்க்கையில் ஓடியதில்லை.

இரண்டு ஐம்பதுக்கு எழுத்தர் எண்ணி முடித்தார். "தொண்ணூத்தொம்பது."

எங்கேயோ ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறார்கள். மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடத்தில் எந்த மாடிக்குப் போவது?

"பேனாவைக் குடுங்க. எனக்கும் இதே ஏரியாலதான் ஓட்டு" என்றாள் மனைவி.

"நீ போட மாட்டேன்னு நினைச்சேன்."

"ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

நூறு வீட்டுக் கதவைத் தட்டியவர் தன் வீட்டில் கேட்கவே இல்லை. அவர் பேனாவை நீட்டினார்.

"மாடியில விழுந்தது என் தம்பிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் குனிந்து நூறாவது கட்டத்தில் தன் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினாள்.