பாம்பனுக்கு மேலே ஆறாயிரம் அடி

கொழும்பிலிருந்து பாம்பனுக்கு வழக்கமான வழி, தலைமன்னார் வரை ரயில், பிறகு கப்பல், தனுஷ்கோடியில் மறுபடியும் ரயில். என்னைப் பெற்ற அய்யா இறந்துபோனதாகத் தந்தி என் கைக்கு வந்தபோது இரவு ரயில் கிளம்பிப் போயிருந்தது. கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. "காலை விமானத்தில் வருகிறேன், பெட்டியை மூட வேண்டாம்" என்று பதில் தந்தி கொடுத்தேன்.

காலை 8.30. இரத்மலானையில் ஏறினேன். திருச்சி இருநூற்றெண்பது மைல். ஒன்றே முக்கால் மணி நேரமாம். விமானியிடமிருந்து ஒரு சீட்டு கைமாறி வந்தது: உயரம் ஆறாயிரம் அடி.

"மொதத் தடவையா தம்பி?" என்றார் பக்கத்திலிருந்த புகையிலை வியாபாரி.

"அய்யா சாவுக்குப் போறேன்."

அவர் காதுக்குப் பஞ்சு உருட்டிக் கொடுத்தார்.

9.30. கீழே பாம்பன் பாலம். பக்கத்தில் எங்கள் மாதா கோயில். கரையில் வெள்ளை வேட்டிகளாக ஒரு சிறு கூட்டம். கரைவலை இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். இறக்கிவிடுங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. பிறந்த வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற பயணமும் ஒரு பயணமா?

10.15. திருச்சி. சுங்கச் சோதனை முடியப் பதினொன்றாகிவிட்டது. மண்டபம் வரை எழுபது ரூபாய்க்கு ஒரு கார் பேசினேன்.

"காரு மண்டபத்தோட சரிண்ணே. பாலத்துல ரயிலுதான் போகும்" என்றார் டிரைவர்.

"தெரியும்ப்பா. அங்கன பொறந்தவன்தான்."

"அப்ப ஒங்க ஊருக்கு மேலதான பறந்து வந்திருப்பீங்க?" என்று சிரித்தவர், கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்ததும் வண்டியை விரட்டினார்.

மாலை 4.30. மண்டபம். ரயிலுக்கு நேரம் கிடந்ததால் தெரிந்தவர் வள்ளத்தில் ஏறினேன். பாம்பன் கரையில் அக்கா புருஷன் சூசை மச்சான் நின்றிருந்தார்.

"எங்கலே போயிட்டு வாரே? ஒம்பதரைக்கே தலைக்கு மேல போனியே!"

"திருச்சியில எறங்கித்தான மச்சான் வரணும்?"

"கடல்ல பாயக் கண்டா ஒரு மணி நேரத்துல வள்ளம் கரைக்கு வந்துரும். பிளேனு அதவிட வெரசுன்னு நெனச்சுட்டோம்லே. மூணு மணி வரைக்கும் பெட்டிய மூட விடல. நீ வரவும் இல்ல. சரி, பிளேன விட்டுட்டான் போலன்னுதான்..." மச்சான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

கல்லறைத் தோட்டத்தில் அய்யா மேல் கிடந்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது. மச்சான் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிளேனு சத்தம் கேட்டதும் அய்யாவக் கட்டிலோட கடக்கரைக்குத் தூக்கியாரச் சொன்னேன் தம்பி. முகத்துத் துணிய வெலக்கிட்டு எல்லாரும் அண்ணாந்து நின்னோம். மேலருந்து பாத்தியா?"

"பாத்தேங்க்கா" என்றேன். வலை இழுக்கிறார்கள் என்று நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை.

காரியங்கள் முடிந்து, கப்பலில்தான் கொழும்பு திரும்பினேன். ஆறாயிரம் அடி என்பது ஒரு மைலும் கொஞ்சமும். அய்யாவின் முகத்துக்கு அன்று நான் அவ்வளவு அருகில் போயிருந்தேன்.