ஒரு பிள்ளையும் தேறவில்லை

"…அப்படி வாய்விட்டுச் சொல்லுததுக்கு நாங்க என்ன, பிள்ளைய விக்கவா கொண்டாந்திருக்கோம்? சந்தையில மாடு விக்கவன்தான் இது இம்புட்டு கறக்கும், இம்புட்டு திங்கும்பான். பெத்தவ சொல்லுவாளா? இதையும் தொரைகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. பாதியை முழுங்கிராம சொல்லுங்க."

சொன்னவள், தாராவியில் ஒரு தோல் கிடங்கின் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த தகரக் கொட்டகையில் குடியிருந்தவள். எங்கள் பால் மையம் அவள் வீட்டு முன்பக்கத்தில்தான் நடந்தது. துரை என்று அவள் சொன்னது, கடல் கடந்து வந்திருந்த எங்கள் மேலதிகாரியை. அண்ணாச்சி நான். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அவள் தமிழை அவருக்கும் அவர் இங்கிலீஷை அவளுக்கும் எடுத்துக் கொடுக்கிற ஆள். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் தரையில் ஒரு தராசு இருந்தது. அதில் காலையிலிருந்து ஒரு பிள்ளைகூட ஏறவில்லை.

அறுபதுகளில் எனக்கு அந்த வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் 'பீல்டு ஆபீசர்' உத்தியோகம். அதற்கு முன்னால் செம்பூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். என் இங்கிலீஷ் அந்தக் கடையில் கிடைத்தது. கிலோ கணக்கில் வந்த பத்திரிகைகளை, கட்டிப் போடுவதற்கு முன்னால் படித்துவிடுவேன். முதல் பக்கம் கிடைத்தால் கடைசிப் பக்கம் கிடைக்காது. அதனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பல விஷயங்களுக்குத் தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது. அந்த இங்கிலீஷை நம்பி வேலை கொடுத்தார்கள்.

மாதுங்காவில் நான் சாப்பிட்ட மெஸ்ஸில் இதைப் 'பாரின் வேலை' என்றார்கள். நான் தினமும் போய்வந்த பாரின், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த தாராவி. மெஸ்காரர் சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போதே, "என்ன ஓய், பாரின் போயிட்டு வந்தாச்சா? அப்படியே குழாயடிக்குப் போய்க் காலை நன்னா அலம்பிண்டு வாரும்" என்பார். தோல் கிடங்கு வாசனை என் செருப்பில் அவருக்கு எட்டும். அவர் கணக்கில் தாராவி எந்த வெளிநாட்டையும்விடத் தூரம்.

வேலை சுலபமானது. கப்பலில் வந்த பால்பவுடர் மூட்டைகளை மையத்தில் இறக்க வேண்டும். அந்த அம்மாள் காலையில் டிரம்மில் வெந்நீர் ஊற்றி, பவுடரைக் கொட்டி, ஒரு மரத் துடுப்பால் கட்டி தட்டாமல் கலக்குவாள். பிள்ளைகள் தம்ளரோடு வரும். நான் பார்வையிட வேண்டும். முதல் நாளே அவள் பவுடரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாடு அவிய ஊர்ல, மடி மட்டும் என் வீட்டு டிரம்முல" என்றாள். அன்று முதல் எனக்குப் பால்பவுடர் அண்ணாச்சி என்று பெயர். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால், சம்பளம் கொடுத்தவர்கள் வருத்தப்படுவார்கள்.

அவளுக்கு ஒரு கடைக்குட்டி, பெண் பிள்ளை. மையம் தொடங்கின சமயத்தில் அந்தக் குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கி நிறுத்தினால், கொடியிலிருந்து அவிழ்ந்த சேலை மாதிரி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிடும். நடக்க வேண்டிய வயது தாண்டிவிட்டிருந்தது. சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் வந்தாள். பால் கொடு என்றார்களாம். வீட்டில் பால் இருந்தால் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று கேட்டுவிட்டு வந்ததாக அவளே சொன்னாள். தன் வீட்டு முன்பக்கத்தை மையத்துக்கு அவள் விட்டுக்கொடுத்தது அந்தப் பிள்ளைக்காகத்தான். மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அது டிரம்மைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு தெருவுக்குப் போகும்.

"பிள்ளை பரவாயில்லையே, தேறிட்டாளே" என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"எங்க அண்ணாச்சி தேறிச்சு? இந்தா பாருங்க, சோணி, எலும்பி. தின்ன சோறு எங்கதான் போவுதோ" என்று சொல்லி, பிள்ளையைச் சேலைக்குள் மூடி உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அரைமணி நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது பிள்ளையின் கன்னத்தில் என் கண்ணுக்காகவே வைத்த ஒரு கரும்பொட்டு இருந்தது.

அந்தச் சந்து முழுக்க அப்படித்தான். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்த குடும்பங்கள். எந்தத் தாயிடம் கேட்டாலும் பிள்ளை இளைத்துவிட்டது, சாப்பிடுவதே இல்லை, ராத்திரி முழுக்க இருமல். நாலு வீடு தள்ளியிருந்த ராவுத்தர் வீட்டு அம்மாளும் இதே பாட்டுதான் பாடுவார்கள். அவர்கள் பிள்ளைக்குப் பொட்டோடு ஓதிக் கட்டின கயிறு ஒன்று கூடுதல். நானும் இப்படி வளர்ந்தவன்தானே. எத்தனை அழுத்தி 'இல்லை' என்கிறார்களோ அத்தனை அழுத்தி 'ஆமாம்' என்று எடுத்துக்கொள்வேன். ரொம்பவும் புலம்பினால், பிள்ளை ரொம்பவும் நன்றாக இருக்கிறது என்று ஆபீசுக்கு எழுதுவேன். எங்களுக்குள் அதில் ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

துரை நேரில் கேட்பேன் என்று வந்ததில்தான் வந்தது வினை.

நல்ல மனிதர். உயரம், வெயிலில் சிவந்த முகம். இதற்கு முன்னால் வேறு வேறு தேசங்களில் இதே வேலை பார்த்தவர். எங்கே போனாலும் தராசைத் தூக்கிக்கொண்டு போவார்; மேலே தட்டு, முன்னால் கடிகாரம் மாதிரிக் கண்ணாடி போட்ட வட்ட முகம், அதில் ஒரு முள். நான் முந்தின நாளே தாய்மாரைக் கூட்டி, "நாளைக்கு வெளிநாட்டிலிருந்து துரை வர்றாரு. பிள்ளைங்க எவ்வளவு கொழுகொழுன்னு இருக்குன்னு பார்க்கத்தான் வர்றாரு. நல்லா ஜோடிச்சுக் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தேன். இதைவிட நன்றாக அவர்களைப் பயமுறுத்தியிருக்க முடியாது.

காலையில் போனால், இருக்கிற துணியில் எது கிழிசலோ அதைத் தேடிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். எண்ணெய் இல்லாத தலை. கன்னத்தில், நெற்றியில், மோவாயில், உள்ளங்காலில்கூடச் சட்டிக்கரி. சந்திலேயே குண்டான பையனைக் காணோம்.

"அவன் எங்கம்மா?"

"அவனுக்குச் சொகமில்ல அண்ணாச்சி. எந்திரிக்கவே இல்ல."

எழுந்திருக்க முடியாதவன் எதிர் வீட்டுக் கதவிடுக்கில் நின்று வெல்லம் தின்றுகொண்டிருந்தான்.

துரை முதல் குழந்தையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். கரும்பொட்டைப் பார்த்தார். அடுத்த குழந்தையைப் பார்த்தார். அடுத்ததையும். முகம் வெளிறிவிட்டது. இந்தத் தோல் நோய் எத்தனை நாளாகப் பரவுகிறது, எனக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று என்னிடம் கேட்டார். நோய் இல்லை, கரி என்றேன். கைக்குட்டையை எடுத்து ஒரு பிள்ளையின் கன்னத்தைத் துடைத்தார். பொட்டு போய்விட்டது. அவருக்கு நிம்மதி. பெற்றவள் பதறிப் பிள்ளையைப் பிடுங்கி, முன்னைவிடப் பெரிதாக ஒன்று வைத்தாள்.

பிறகு கேள்விகள். பால் குடித்ததில் பிள்ளை தேறியதா?

"என்னத்த தேறிச்சு? காத்தடிச்சா பறந்துரும்."

"இருந்த சதையும் போச்சு."

"இந்தப் பாலு வந்த பொறவுதான் ரொம்ப மோசம்" என்றாள் ஒருத்தி, பூசணிக்காய் மாதிரி ஒரு பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்ற முடியாமல் மாற்றிக்கொண்டு.

முதல் பதிலை அப்படியே சொன்னேன். இரண்டாவதைக் கொஞ்சம் இதமாக்கினேன். மூன்றாவதை, "பால் ரொம்ப நல்லது என்கிறாள்" என்று மாற்றியே சொல்லிவிட்டேன். துரை அவளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கைவைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மொழிபெயர்ப்புக்கும் அந்த முகத்துக்கும் ஒட்டவே இல்லை. "சரி, எடை பார்த்துவிடலாம்" என்று தராசைக் காட்டினார்.

"வஜன் போடவா? பிள்ளையையா?" கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"கறிக்கடையா வச்சிருக்காரு?"

எடை போடுவது எனக்குப் பழகின தொழில். ஆனால் பழைய பேப்பருக்குத் தாய் கூடவே வருவதில்லை.

கண் படுவது பற்றி என் பேப்பர் கடை இங்கிலீஷில் துரைக்கு எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மூட நம்பிக்கை என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லக்கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி உண்டு. செம்பூர்ப் பக்கம் இன்னொரு இடத்தில் பால் கேட்கிறார்கள், அங்கே தாய்மார் வரிசையில் நின்று சந்தோஷமாக எடை போட்டுக்கொள்கிறார்கள், இங்கே பயன் இருந்ததற்கு ஒரு ஆதாரமாவது இன்று கிடைக்காவிட்டால் பவுடரை அங்கே திருப்பிவிடுவேன் என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். நான் மாற்றிச் சொல்வதற்கு அதில் இடமே இல்லை. அப்படியே தமிழில் சொன்னேன்.

அப்போதுதான் மையத்து அம்மாள், துடுப்பும் கையுமாக முன்னால் வந்து, பிள்ளையை விற்கவா கொண்டுவந்திருக்கிறோம் என்று கேட்டாள். பாதியை விழுங்காமல் சொன்னேன். துரைக்கு மாடு புரிந்தது, சந்தை புரிந்தது. "ஆனால் தராசு?" என்றார்.

அவள் டிரம்மைப் பார்த்தாள். பிறகு என்னிடம், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நெசமாவே பந்த் பண்ணிருவாவளா?" என்றாள்.

"பண்ணிடுவாங்க."

"ஒரு பிள்ளைக்கு வஜன் பாத்தா போதுமா?"

"போதும்."

"வாயாலயும் சொல்லணுமோ?"

"சொல்லணும்."

துடுப்பை என் கையில் கொடுத்துவிட்டு, தெருவிலிருந்த கடைக்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? அத்தன பேரு கண்ணும் இங்கதான் இருக்கு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பவில்லை. பிள்ளையைத் தராசில் நிறுத்தினாள். அது தட்டில் நின்று குதித்தது. முள் அங்குமிங்கும் ஆடி ஓரிடத்தில் நின்றது. துரை குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். பார்க்கக்கூடாது என்று சொன்ன பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த வயதுக்கு இருக்க வேண்டிய எடை இருந்தது. பால் குடித்துத் தேறினாளா என்று கேளுங்கள் என்றார் துரை.

நான் கேட்டேன். சட்டிக்கரியை அப்பிக்கொண்டு ஒரு சந்தே அவள் வாயைப் பார்த்தது.

"தேறிட்டா" என்றாள். "நல்லா இருக்கா. நடக்க மாட்டாதவ இன்னிக்கு ஓடுதா, சாடுதா. இந்தப் பாலுதான். போதுமா? சொல்லியாச்சு."

யாரோ 'தூ, தூ' என்று துப்பினார்கள். துரைக்கு முகமெல்லாம் சிரிப்பு. பால் தொடர்ந்து வரும், இந்தக் குழந்தைக்கு இனி ஒரு குறையும் வராது என்றார். சொன்ன கையோடு, எதையோ தொலைத்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர் தகரம், கதவு தகரம், டிரம்மும் தகரம். கடைசியில் என் கையிலிருந்த மரத் துடுப்பை எட்டி விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"எதுக்கு அதத் தட்டுதாரு?"

கேட்டேன். அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். அதை அவளிடம் சொன்னேன்: அவர் ஊரில் நல்லது ஒன்றை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மரத்தைத் தட்டிவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் அது கெட்டுப்போகுமாம்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப அவருக்கும் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுக்கிட்டா நம்மளப் போட்டு இந்தப் பாடு படுத்தினாரு?" என்றாள். இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

பிறகு பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கினாள். அதன் கன்னத்துக் கரியை விரலால் வழித்து, எங்கள் எல்லார் கண்ணும் விழுந்த அந்த வட்டக் கண்ணாடியில், முள் வந்து நின்ற எண்ணின் மேலேயே, அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.