ஆள் சொன்னவள்

நான் வேலை பார்க்கும் ஜெர்மன் ஊரில் பஸ் கதவு தானாக மூடிக்கொள்ளும். படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக யாராவது நின்றால் மட்டும் மூடாமல் கூவிக்கொண்டே இருக்கும். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து முறைப்பார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே ஒரு நிமிடத் தாமதம் என்பது பெரிய குற்றம். வந்த முதல் இரண்டு ஆண்டுகள் நானும் நல்ல பிள்ளையாக ஏறி, சீட்டைக் காட்டி, சன்னலோரம் உட்கார்ந்தவள்தான். இப்போது அப்படி ஏற முடியவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது அந்தக் கதவு என்னால் கூவுகிறது. ஏன் என்று இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. ஊரில் இருப்பவர்களுக்கும், என்னைப் போல் வெளியே வந்து கிடப்பவர்களுக்கும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் போடி. அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போனவள். காலையில் இருட்டோடு ஜீப்பு ஏறினால் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் கடந்து, போடிமெட்டு தாண்டி, கேரளாப் பக்கத்துத் தோட்டத்தில் போய் இறங்க வேண்டும். ஒரு ஜீப்பில் பதினாறு பேர். கல்லூரி விடுமுறைகளில் நானும் போயிருக்கிறேன். சாயங்காலம் கிளம்பும்போது ஓட்டுநர் பானெட்டைத் தட்டி, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பார். தூரத்துச் சரிவில் காய் எடுத்தவள் யாராவது இன்னும் நடந்து வந்துகொண்டிருப்பாள். ஆளைக் காணோம் என்று சொன்னால் சூப்பர்வைசர் அவளை நாலு வார்த்தை திட்டுவார். மறுநாள் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லுவார். அதனால் பக்கத்தில் இருப்பவள் "வந்துட்டா" என்று சொல்லிவிடுவாள். இதற்கு எங்கள் ஜீப்பில் ஆள் சொல்வது என்று பெயர்.

ஆள் சொல்வதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சொன்னவள் ஜீப்பில் ஏறி உட்காரக் கூடாது. பின்பக்கப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இன்னொரு காலைத் தரையில் ஊன்றி, அவள் வந்து சேரும்வரை நிற்க வேண்டும். ஓட்டுநர் அந்தக் காலைப் பார்ப்பார். தரையில் ஒரு கால் இருந்தால் வண்டி நகராது. யாரும் யாரையும் எதுவும் கேட்க மாட்டார்கள். என் அம்மா, தான் ஆள் சொல்லாத நாளிலும் கடைசியாகத்தான் ஏறுவாள். வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும், காற்றுக்காகக் கடைசி இடம் பிடிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் பேச்சி என்று ஒருத்தி ஒரு சாயங்காலம் மலையிலேயே விடுபட்டுப் போனாள் என்றும், மறுநாள் ஓடைக்கரையில் அவளைச் செத்துக் கிடக்கக் கண்டார்கள் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். யானை என்பார்கள் சிலர், குளிர் என்பார்கள் சிலர். ஜீப்பில் அந்தப் பேச்சை எடுத்தால் வயதானவர்கள் வெற்றிலைப் பையைத் திறந்துகொள்வார்கள்.

இனி ஷைனி. அவளும் என்னைப் போல நர்ஸ், ஒரே வார்டு. நெடுங்கண்டம் பக்கம் சொந்தமாக ஏலத்தோட்டம் உள்ள வீட்டுப் பெண். மலைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஜெர்மனியில் வந்து ஒரே சமையலறையில் புட்டும் ரசமும் வைத்தோம். நம் ஊர் நர்ஸ் படிப்பை இங்கே முழுதாக ஏற்றுக்கொள்ள ஒரு தேர்வு எழுத வேண்டும். ஷைனி இரண்டாம் முறையும் தோற்றுவிட்டாள். இன்னும் ஒரு முறைதான் பாக்கி, அதிலும் தோற்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிவைத்திருந்தாள். இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. எங்காவது கூட்டிக்கொண்டு போனால் தெளிவாள் என்று நான்தான் மூன்று நாள் லீவு போட வைத்து, பால்டிக் கடலோரத்து ரீகா நகரத்துக்கு அழைத்துப் போனேன். டிசம்பர் மாதம். மூன்றரை மணிக்கெல்லாம் வெளிச்சம் வடிந்துபோகிற ஊர் அது.

தங்கிய விடுதியில் பார் க்ரால் என்று ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள். ஒரு வழிகாட்டி முன்னால் நடக்க, முன்பின் தெரியாத ஆட்கள் கூட்டமாகப் பின்னால் போய், நாலு மதுக்கடைகளில் ஏறி இறங்குவது. மதியம் மூன்று மணிக்கே ஆரம்பம். எங்கள் ஊரில் சாராயக்கடை இருக்கும் பக்கமாகப் பெண்கள் நடக்கவே மாட்டார்கள். இங்கே கூட்டிக்கொண்டு போய் ஊற்றிக்கொடுக்க ஒருவரைப் போட்டிருக்கிறார்களே, குடிக்கிறதுக்குமா கங்காணி என்று ஷைனியிடம் சொன்னேன். இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் பெயர் கொடுத்தேன். அது என் முதல் தப்பு.

வழிகாட்டி மஞ்சள் கம்பளித் தொப்பி போட்ட நெட்டை மனிதர். எல்லோர் மணிக்கட்டிலும் காகிதப் பட்டை ஒட்டினார். வார்டில் நோயாளிகளுக்கு நாங்கள் ஒட்டுகிற அதே மாதிரிப் பட்டை; எனக்கு அது அப்போதே பிடிக்கவில்லை. மொத்தம் பதினான்கு பேர். ஒவ்வொரு கடை வாசலிலும் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். கால்வாய் உறைந்துகொண்டிருக்கிறது, பனிக்கட்டிமேல் யாரும் இறங்கக் கூடாது, கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது, போன வருஷம் ஒருவர் பிரிந்து போனார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிரிந்து போனவர் என்ன ஆனார் என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள். அவர் கேள்வி புரியாதவர் மாதிரி, முதல் கடையில் என்ன பானம் கிடைக்கும் என்று சொல்ல ஆரம்பித்தார்.

முதல் கடை பூமிக்குக் கீழே, செங்கல் வளைவுகளோடு இருந்தது. மூலிகை போட்ட கறுப்புச் சாராயம் ஒன்று கொடுத்தார்கள், கசாயம் மாதிரி. நான் உதட்டில் தொட்டுவிட்டு வைத்தேன். ஷைனி தன்னுடையதையும் என்னுடையதையும் குடித்தாள். இரண்டாவது கடையில் அவளுக்குப் பேச்சு வந்தது. அடங்காத பேச்சு.

"எங்க தோட்டத்துக்கும் போடியிலேர்ந்து ஜீப்பு வரும் கேட்டோ," என்றாள். "அந்தத் தமிழத்திமாரு ஆளெண்ணும்போ கள்ளம் பறயும். வராத்த ஆளயும் வந்துன்னு சொல்லும். எங்க அப்பச்சன் சொல்லிச் சிரிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்ன தமிழத்திகளில் ஒருத்திதான் என் அம்மா என்று அவளுக்குத் தெரியும். குடியில் மறந்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்திலிருந்து அவளை விட்டு ஒரு அடி தள்ளியே நடந்தேன். உள்ளதைச் சொன்னால், அவள்மீது கோபமாக இருந்தேன். இரண்டு வாரமாக இவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தேனே என்று மனதுக்குள் கணக்குப் பார்த்தேன்.

மூன்றாவது கடையில் அவளுடைய கைப்பேசி அடித்தது. அவள் அம்மா. உள்ளே பாட்டுச் சத்தம். "இதா வர்றேன்," என்று எனக்குக் கை காட்டிவிட்டு வெளியே போனாள். கால்மணி நேரம் கழித்து வழிகாட்டி கைதட்டினார். வாசலில் பனி தூவிக்கொண்டிருந்தது. நாலே கால் மணிதான், ஆனால் தெருவிளக்குகளுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவர் தோள்களைத் தொட்டு எண்ணினார். பதின்மூன்று. திரும்ப எண்ணினார். என்னைப் பார்த்து, "உன் தோழி?" என்றார்.

"வந்துவிட்டாள், அங்கே முன்னால்," என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. பத்தொன்பது வயதில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்று சொன்ன மாதிரியே வாயில் வந்தது. எண்ணுகிறவரிடம் ஆளைக் காணோம் என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவர் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். நான் அங்கேயே நின்றிருக்க வேண்டும். நிற்கத்தான் செய்தேன், ஒரு பத்து எண்ணும் நேரம். கால் விரல்கள் மரத்துப்போயின. கூட்டம் மூலை திரும்பியது. அவள் மேலிருந்த கோபமும் இருந்தது. தெரியாத ஊரில் தனியாக நிற்கப் பயமாகவும் இருந்தது. ஓடிப்போய்க் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டேன்.

நாலாவது கடை கதகதப்பாக இருந்தது. கணப்பில் கட்டை எரிந்தது. மேசைப் பந்து விளையாட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். சூடான ஆப்பிள் சாறு கொடுத்தார்கள். கூட்டத்தில் எங்கேயாவது இருப்பாள், என்மேல் முறைப்பாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது சுகமாக இருந்தது. ஒரு மணி நேரம் போய்விட்டது. வழிகாட்டி கடைசியாக எண்ண வந்தபோது திரும்பவும் பதின்மூன்று. இந்த முறை அவர் என்னிடம் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தார்.

இருவரும் மூன்றாவது கடைக்கு ஓடினோம். ஷைனி அங்கே இல்லை. சுவரில் கொக்கி வரிசை. எல்லோரும் கோட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு ஒன்றே ஒன்று தொங்கியது. நீலக் கோட்டு. பையில் கையுறைகள். கோட்டு இல்லாமல்தான் வெளியே போயிருக்கிறாள். உறைநிலைக்குப் பன்னிரண்டு டிகிரி கீழே இருந்தது அன்று. அவளுடைய எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அவள் முன்னால் போகிறாள் என்று நீதானே சொன்னாய்?" என்றார் வழிகாட்டி. "பார்த்தாயா?"

"எங்கள் ஊரில்..." என்று ஆரம்பித்தேன்.

"பார்த்தாயா, இல்லையா?"

"இல்லை."

அவர் முகத்தில் கோபம் இல்லை. என்ன மாதிரி மனுஷி இவள் என்று யோசிக்கிற பார்வை. ஆள் சொல்வதை எந்த மொழியிலும் என்னால் விளக்கியிருக்க முடியாது. அவர் ஆம்புலன்சுக்குப் பேசிக்கொண்டே ஒரு பக்கம் ஓடினார், நான் அவள் கோட்டோடு கால்வாய்ப் பக்கம் ஓடினேன். கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். பனியில் குரல் நாலடிகூடப் போகவில்லை. அவள் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மரத்தடியில் ஒரு சின்ன வெளிச்சம் மின்னி மின்னி அணைவது தெரிந்தது. கரையில் ஒரு பெஞ்சு. அதில் ஷைனி உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் பேசிக்கொண்டே அவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டும், கைப்பேசி காலடியில் கிடந்தது. முடியெல்லாம் வெள்ளை. அவள் நடுங்கவில்லை. நர்ஸ் என்பதால் எனக்குத் தெரியும். நடுங்குகிற ஆளுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம், நடுக்கம் நின்ற ஆளுக்குத்தான் பயப்பட வேண்டும். என் கோட்டையும் அவள் கோட்டையும் போர்த்தி, அவளை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன்.

"ஜீப்பு போயோ?" என்று கேட்டாள், கண்ணைத் திறக்காமல்.

"போகலடி. நிக்குது. நான் நிக்கிறேன்ல," என்றேன். அதுவும் பொய்தான்.

பிழைத்துக்கொண்டாள். இடது காலில் இரண்டு விரல் நுனிகள் போயின. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "நீயா சொன்னது, ஞான் வந்துன்னு?" ஆமாம் என்றேன். அவள் தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. மூன்றாவது தேர்வையும் எழுதவில்லை. பனி உருகத் தொடங்கிய வாரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு நெடுங்கண்டத்துக்குப் போய்விட்டாள். ரயிலடியில், "வீட்டில ஆரோடும் பறயில்ல," என்று மட்டும் சொன்னாள்; யாரிடமும் சொல்ல மாட்டாளாம். மன்னிப்பா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை.

அவளை அனுப்பிவிட்டு வந்த அன்று அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ள பொழச்சுக்கிருச்சுல்ல?" என்றாள் அம்மா கடைசியில்.

"பொழச்சுக்கிட்டாம்மா."

"நீயா ஆள் சொன்ன?"

"ஆமா."

"சொல்லிட்டு நிக்காமப் போயிட்டியா?"

"போயிட்டேம்மா."



"நானும் ஏறி உக்காந்துட்டேன் ஆத்தா," என்றாள். "பேச்சிக்கு ஆள் சொன்னது நாந்தேன். தூத்தல் போட்டுச்சு, பனி எறங்கிருச்சு. வெரசா வீட்டுக்குப் போவணும்னு இருந்துச்சு, கால் நிக்க மாட்டேன்னுருச்சு. வந்துட்டான்னு சொல்லிப்புட்டு ஏறிட்டேன். டிரைவர் அண்ணே வண்டிய எடுத்துட்டாரு. போடிமெட்டு வந்த பெறகுதேன் வாயத் தொறந்தேன். திரும்பிப் போயி விளக்கப் போட்டுத் தேடுனோம். கெடைக்கல."

"ஏம்மா இத்தன வருஷமா சொல்லல?"

"அப்ப நீ வயித்துல ஏழு மாசம். ஒன்னைய வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டுப்பாடே ஜீப்பில் வந்தது என்றாள். யாரும் போட்ட சட்டமில்லை; மறுநாளிலிருந்து அம்மா ஏறாமல் நின்றாள், அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். வாந்தி, காற்று என்று நான் நினைத்ததெல்லாம் தப்பு. போனை வைத்த பிறகு வெகுநேரம் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. பேச்சியை விட்டுவிட்டுப் போன அந்த ஜீப்பில் நானும் இருந்திருக்கிறேன்.

இன்று காலையும் பஸ் வந்தது. ஷைனி இருந்தவரை அவள் எப்போதும் கடைசி நேரத்தில்தான் கோட்டைப் போட்டுக்கொண்டே ஓடி வருவாள். நான் படியில் ஒரு காலை வைத்தேன். இன்னொரு கால் தரையை விட்டு எழவில்லை. கதவு கூவியது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "ரைன் ஓடர் ரவுஸ்?" என்றார். உள்ளேயா, வெளியேயா என்று கேட்கிறார். எனக்கு ஜெர்மன் நன்றாகவே வரும், ஆனாலும் வாயில் வந்தது தமிழ்தான்.

"ஒரு ஆள் வருது, அண்ணே," என்றேன். எனக்குப் பின்னால் தெரு முனை வரைக்கும் யாரும் இல்லை.